நல்ல நேரத்தில் பூசிய மண்

வாருங்கள். நாள் பார்த்து, நாழிகை பார்த்து விளக்கேற்றும் பெருமக்களே, கையிலுள்ள பஞ்சாங்கத்தைக் கீழே வைத்துவிட்டு எழுமலைச் சாலைக்கு வாருங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு, ஆவணித் திங்கட்கிழமை, பட்டப்பகல். சிவனாண்டியின் அரிசி ஆலையில் ஓர் அடுப்பு எரிய மறுக்கிறது. அது ஏன் மறுக்கிறது என்பதற்குச் சாட்சியாக நீங்கள் வேண்டும்.

கொதிகலனின் அடுப்புக் கதவை விருமாண்டி நான்காம் முறையாகத் திறந்தான். காய்ந்த கருவேல விறகு, அதன்மேல் உமி, ஒரு சிரங்கை மண்ணெண்ணெய். தீ குபீரென்று எழுந்தது. விறகின் தலையைச் சற்றே நக்கியது. பிறகு யாரோ உள்ளிருந்து பொத்தியதுபோல் ஓசையின்றித் தாழ்ந்து, இன்னும் தாழ்ந்து, அணைந்தது. தரைக்கடியில் ஆள் தவழும் அகலத்தில் ஓடும் சுரங்கத்தின் வழியே புகைபோக்கிக்குப் போக வேண்டிய புகை, அடுப்பின் வாய்க்கே திரும்பி வந்து அவன் கண்ணைக் கரித்தது. பதினோராண்டுகளாக இந்த அடுப்புக்குத் தீனி போட்டவன் அவன். ஒருநாளும் அது அவனை இப்படி அவமானப்படுத்தியதில்லை.

சாம்பலை வாரினான். இரும்புக் கம்பிகளுக்கிடையே கிளறினான். விறகை மாற்றினான். பயனில்லை. தொட்டிகளில் ஊறிய நெல்லோ புளித்த வாடை வீசத் தொடங்கிவிட்டது. பொழுது சாய்வதற்குள் ஆவி ஏறாவிட்டால் நெல் அழுகும். அவன் வேலையும் அதோடு போகும்.

"என்னப்பா, அடுப்பு ஒங்கூடக் கோவிச்சுக்கிருச்சா?" முதலாளி சிவனாண்டி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். "எம் மருமகள நிறுத்தியிருந்தா இந்நேரம் ஊருக்கே சோறாக்கியிருப்பா."

"பொகை மேல ஏற மாட்டேங்குது மொதலாளி. சுரங்கத்துல என்னமோ அடைச்சிருக்கு. காலைல செங்கல் வச்சுப் பூசுன பக்கக் கதவ ஒடச்சுப் பாத்துட்டா..."

"நல்ல நேரத்துல பூசுன மண்ண ஒடைக்கிறதா? வாயக் கழுவு. ஒரு சேவல அறுங்க, சரியாப் போகும்."

சேவல் அறுபட்டது. அடுப்பின் நெற்றியில் குருதி தெளித்தார்கள். தீ எழுந்தது, தாழ்ந்தது, அணைந்தது. இம்முறை திரும்பிய புகையில் வேறொரு வாடையும் கலந்திருந்தது. மயிர் பொசுங்கும் வாடை. சேவலின் இறகாக இருக்கும் என்று தன் மனத்துக்குச் சொல்லிக்கொண்டான். ஆனால் சேவலை யாரும் தீயில் போடவில்லையே!

"அண்ணே!"

வாசலில் தங்கப்பொண்ணு நின்றாள். மாதம் ஒருமுறை சுரங்கத்துக்குள் தவழ்ந்து கரி சுரண்டும் சோணையின் மனைவி. இடுப்பில் கஞ்சிக் கலயம்.

"எங்க வீட்டு ஆளு எங்கண்ணே? வெள்ளனயே கரி சொரண்ட வந்தாரு. கம்மாய்க்குக் குளிக்கவும் வரலங்கிறாக."

"கரியோட கரியா நிப்பான், நல்லாப் பாரு," என்று முதலாளி சிரித்தான்.

விருமாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. காலை நினைவுக்கு வந்தது. ஏழரைக்கு இராகு காலம் பிறந்துவிடும். அதற்குள், சோணை நுழையும் சுரங்கத்தின் பக்கக் கதவை அடைத்துத் தீ மூட்டியாக வேண்டும். சூடம் ஏற்றிய கணம் முதல் தீ பிடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கலாகாது. பேச்சோடு ஆலையின் அதிர்ஷ்டமும் போய்விடும் என்பது முதலாளியின் கட்டளை. ஏழே காலுக்குச் சூடம் எரிந்தது. சங்கு ஊதினார்கள். கதவின் இருட்டுக்குள் குனிந்து, 'சோணை, வெளிய வந்துட்டியா?' என்று கேட்க அவன் நாக்கு எழுந்தது. கேட்கவில்லை. வேலை முடிந்தால் சோணை யாரிடமும் சொல்லாமல் கண்மாய்க்குப் போய்விடுவான், இன்றும் போயிருப்பான். செங்கலை அடுக்கினான். களிமண்ணை அப்பினான். இரு கையாலும் அழுத்தித் தடவினான்.

கடப்பாரையை எடுத்தான்.

"டேய், எஞ் சோத்துல மண்ணப் போடாத!" முதலாளி கத்தினான்.

முதல் குத்து. இரண்டாவது. செங்கல் உள்ளே விழுந்தது. கறுத்த புகை. இருமல். தலையை நுழைத்தான். தவழ்ந்தான். உள்ளங்கை சுட்டது. புகைபோக்கியின் அடிக் கழுத்தில், மேலே தெரிந்த துண்டு வானத்தை நோக்கி ஏறி, இறுகி, சிக்கிக்கொண்ட உடல். இரண்டு பாதங்கள் தொங்கின.

பிடித்தான். இழுத்தான். வரவில்லை.

மறுபடி இழுத்தான். வந்தது.

அடைப்பு நீங்கிய புகைபோக்கி ஒரு நெடுமூச்சு விட்டது. அடுப்பில் தணல் சிவந்தது. தீ. பின்னோக்கித் தவழ்ந்து சோணையை இழுத்தான். இடுப்புவரை வெளியே வந்தது. தோளும் தலையும் இன்னும் உள்ளே. சுரங்கத்தின் உட்சுவரில் மஞ்சள் வெளிச்சம் ஏறியது.

"புடிச்சிருச்சு!" முதலாளியின் குரல் நடுங்கியது. அச்சத்தால் அல்ல. "அவன் செத்து எம்புட்டு நேரமாச்சோ. உள்ள தள்ளி அடைங்க, பெறகு பாத்துக்கிருவோம். இன்னும் பத்து நிமிசம் நல்ல நேரம் இருக்கு. சூடத்தக் கொளுத்துங்க!"

சோணையின் கால் பெருவிரல் அசைந்தது. அல்லது நெருப்பின் நிழல் அசைந்தது.

சூடம் எரிந்தது. ஆலை முழுதும் வாய் மூடியது. கூடை தூக்கியவர் மூடினர். நெல் கிண்டியவர் மூடினர். தங்கப்பொண்ணின் வாயை யாரோ ஒருத்தி பின்னிருந்து பொத்தினாள். விருமாண்டியின் நாக்கு எழுந்தது. மேலண்ணத்தில் ஒட்டியது. அவன் கையில் யாரோ ஈரக் களிமண்ணைத் திணித்தார்கள்.

பெருமக்களே, அங்கே பேச ஒரு வாய் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. திறவுங்கள். சோணையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இப்போதே.