தீப்பெட்டியில் இரண்டாவது இருக்கை

காலை 10.20. பல் மருத்துவமனையின் முதல் மாடியில், செயற்கைப் பல் செட் செய்து கொடுக்கும் டெக்னீஷியன் தன் தகரப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு பழைய துண்டு மட்டும் சுருண்டு கிடந்தது.

மேல் வரிசைப் பல் செட் இல்லை, கீழ் வரிசையும் இல்லை. அவற்றுக்கு அளவாக வைத்திருந்த பிளாஸ்டர் வார்ப்புகளும், வார்ப்புகளைப் பிடித்து நிறுத்தும் இரும்புச் சட்டமும்கூடக் காணோம். அந்தப் பற்களுக்கு உரியவர் எதிரே நாற்காலியில், கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டிப் பேசிப் பிழைக்கிற வழிகாட்டி. ஆறு வாரமாகப் பேச்சும் இல்லை, பிழைப்பும் இல்லை.

டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான். “வண்டிச் சாவிய யார்கிட்ட குடுத்தீங்க?”

கீழே காவலாளியிடம்தான் கொடுத்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆன புது ஆள். வண்டியை ஓரமாகத் திருப்பி நிறுத்திவிட்டுப் பெட்டியை மேலே தூக்கி வந்ததும் அவரே. நடுவே பத்து நிமிடம் வண்டியும் பெட்டியும் அவர் கையில் இருந்தன. போதாதா? பதினொரு மணிக்குள் பொருள் வராவிட்டால் போலீஸ், வந்தாலும் வேலை கிடையாது என்று டாக்டர் தீர்ப்பையே எழுதிவிட்டார். எட்டு மாதம் வேலையில்லாமல் அலைந்து இந்த இடத்தைப் பிடித்திருந்த காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

இந்த நேரத்தில்தான், சொத்தைப் பல்லை அடைக்க வந்து வெளியே காத்திருந்த டிடிஆர் எழுந்து உள்ளே வந்தாள். டெக்னீஷியனுடைய வீட்டுக்காரரின் அக்கா. முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவள். டிக்கெட் இல்லாதவன் எந்தப் பெட்டியில் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருப்பான் என்பது அவளுக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற பிறகும் பேர் மாறவில்லை, பார்வையும் மாறவில்லை.

அன்று காலை அவளுக்கு ஒரு மனத்தாங்கலும் இருந்தது. தம்பி மனைவியின் கார் இதே இடத்துக்குத்தான் வந்தது. ஆனால் இவள் வந்தது பஸ்ஸில்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் அதற்குத் தீப்பெட்டி என்று பேர். இரண்டே இருக்கை, பின்னால் ஒரு குடையும் பையும் வைக்கத்தான் இடம். மற்ற வண்டிகள் முட்டி மோதுகிற சந்தில் அது பாட்டுக்குக் குறுக்கே நுழைந்து நின்றுகொள்ளும். ஓட்டுகிறவளுக்கு ஒரு இருக்கை, பற்களுக்கு ஒரு இருக்கை, ஆக நாத்தனாருக்கு இடமில்லை. இன்னொரு குணமும் உண்டு. பக்கத்து இருக்கையில் கனமாக எதையாவது வைத்து சாவியைத் திருப்பினால் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, பெல்ட் போடும்வரை பீப் பீப் என்று உயிரை வாங்கும். கொத்தமல்லிக் கட்டுக்குப் பேசாமல் இருக்கும், பூசணிக்காய்க்குக் கத்தும். பூசணிக்காய்க்குப் பெல்ட் போட்டுக் கூட்டிவந்த கதையை டிடிஆர் சொந்தபந்தம் பூராவுக்கும் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

10.35. டிடிஆர் விசாரணையை ஆரம்பித்தாள். டாக்டர் கடிகாரத்தைக் காட்டினார். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

வீட்டுப் பின்கட்டில் இருக்கும் பட்டறையிலிருந்து ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பியதாக டெக்னீஷியன் சொன்னாள். தினமும் நடப்பதுதான். அவள் வண்டியைக் கிளப்பி உட்கார்ந்திருப்பாள், பட்டறை உதவியாளர் பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார். வழியில் எங்கும் நிறுத்தவில்லை. ரேடியோவில் வானிலை அறிக்கையை ஒரு வரி விடாமல் கேட்டதாகவும், சாயங்காலம் மழை உண்டு என்றும் சொன்னாள். பெரிய சிக்னலில் பிரேக் போட்டபோது பெட்டி வழுக்கி முன்னால் வந்ததாம், ஒரு கையால் தள்ளிவிட்டாளாம். அவ்வளவுதான்.

டிடிஆர் காவலாளி பக்கம் திரும்பினாள்.

“பெட்டிய எப்படி எடுத்தீங்க?”

“கதவத் தொறந்தேன், எடுத்தேன்மா.”

“வேற ஒண்ணையும் கழட்டலையா?”

“கழட்ட என்ன இருக்கு? சும்மா இருக்கையில இருந்துச்சு.”

“கனமா இருந்துச்சா?”

“இல்லம்மா. பல்லுதானே, இவ்வளவுதான் இருக்கும்னு நினைச்சேன். எனக்கு இதுதான் முதல் தடவை.”

உள்ளே இருந்ததை எடுத்துவிட்ட ஆளுக்குப் பெட்டி லேசாகத்தானே இருக்கும் என்று டாக்டர் குறுக்கே விழுந்தார். டிடிஆர், வார்ப்பும் சட்டமும் சேர்ந்து எவ்வளவு கனம் என்று தம்பி மனைவியிடம் கேட்டாள். நாலு கிலோவுக்குக் குறையாது என்றாள் டெக்னீஷியன். டிடிஆர் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு எல்லோரையும் கீழே வரச்சொன்னாள்.

10.48. காலிப் பெட்டியைத் தீப்பெட்டியின் இருக்கையில் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னாள். வண்டி சத்தம் போடவில்லை. படியோரம் இருந்த சின்னப் பூந்தொட்டியைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தாள். அது நாலு கிலோ தேறாது. வண்டி கத்த ஆரம்பித்தது. பெல்ட்டை இழுத்து மாட்டியதும் அடங்கியது.

டெக்னீஷியனின் முகம் வெளுத்துவிட்டது.

“புரிஞ்சுதா?” என்றாள் டிடிஆர். “சிக்னல்ல பெட்டி வழுக்கிச்சுன்னா பெல்ட் போடல. பெல்ட் போடாம நாலு கிலோ உக்காந்திருந்தா வழியெல்லாம் இது கத்தித் தீத்திருக்கும். நீ வானிலை கேட்டுட்டு வந்திருக்க. வீட்ட விட்டுக் கிளம்பும்போதே பெட்டி காலி. இவர் சாவிய வாங்குறதுக்கு முன்னாடியே காலி.”

டாக்டர் வாயைத் திறந்தார். டிடிஆர் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அப்புறம், அடுத்தவர் பல்லத் திருடி யாருக்கு மாட்டுறது? சரி, ஏதோ கிறுக்கன் எடுத்தான்னே வைங்க. பிளாஸ்டர் எதுக்கு? வார்ப்பு வேணும்னா, அந்தப் பல்லத் திரும்பச் செய்யணும்னு அர்த்தம். அந்த வேலை இந்தப் பெட்டியத் தொட்டவங்கள்ல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி இங்க நிக்கிறா.”

உதவியாளர் எப்படிப் பெல்ட்டை மறந்தார் என்று டெக்னீஷியன் கேட்டாள். நாலு வருடமாகத் தினமும் மாட்டுகிறவர் ஆயிற்றே.

“மறக்கல. தினமும் பீப் கேட்டதும் கை தானா பெல்ட்டுக்குப் போகும். இன்னைக்கு வண்டி கத்தல, கையும் போகல.”

10.55. டெக்னீஷியன் போன் போட்டாள். இரண்டாவது கேள்விக்கே உதவியாளர் அழுதுவிட்டார். எட்டரைக்குத் துடைக்கும்போது மேல் செட் கைநழுவி விழுந்து இரண்டாகிவிட்டது. போன மாதம் ஒன்றைப் போட்டு உடைத்தபோது, இன்னொரு தரம் நடந்தால் வேலையை விட்டுப் போய்விடு என்று இவள் சொல்லியிருந்தாள். சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிட்டு, பெட்டியில் வைக்க மறந்து அலமாரியிலேயே இருந்ததாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாராம். அங்கே ஒரு மனிதர் மாட்டிக்கொள்வார் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

“எட்டரைக்கே சொல்லியிருந்தா ரெண்டு மணி நேரத்துல ஒட்டியிருக்கலாமே” என்று டெக்னீஷியன் போனை வைத்தாள். சொல்லவிடாமல் செய்தது தன் வாய்தான் என்று அவளுக்குத் தெரிந்தது, வெட்கமாக இருந்தது. நேரே காவலாளியிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். டாக்டரும் தொண்டையைச் செருமி, மனசுல வச்சுக்காதீங்க என்றார். காவலாளி தொப்பியை மாட்டிக்கொண்டார்.

பட்டறைக்குப் போய்ப் பல்லைச் சரிசெய்து, உதவியாளரையும் கையோடு கூட்டி வர வேண்டும், காவலாளி முகத்தைப் பார்த்து அவர் பேச வேண்டும் என்றாள் டிடிஆர். திரும்பி வரும்போது இருக்கை அவருக்கு, பெட்டி அவர் மடியில். சொத்தையை அடைத்துக்கொண்டு மறுபடியும் பஸ்ஸில் போவதைப் பற்றி அன்று அவள் முணுமுணுக்கவில்லை.

பிற்பகல் 3.10. வானிலைக்காரர்கள் சொன்ன மழைக்கு முன்பே தீப்பெட்டி வந்து சேர்ந்தது. உதவியாளர் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கிக் காவலாளி முன்னால் நின்றார். வழியெல்லாம் நிறையப் பேச்சைச் சேர்த்து வைத்திருந்தார்.

“தப்பு என்னோடதுண்ணே” என்பது மட்டும் வந்தது.

காவலாளி இரண்டு கையையும் நீட்டினார். “குடுங்க. நானே மேல கொண்டுபோறேன்.”

வாங்கியதும் அவர் தோள் லேசாகத் தாழ்ந்தது.

“ஆமா, இப்பத்தான் கனமா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.