இடைமாடம் திருத்திய குரல்

ஆழ்கடலில் இருந்து வந்த எல்லாக் குரல்களுக்கும் பிழையளவி பூஜ்யம் காட்டியது. பதினோரு மாதமாக அப்படித்தான். கரை நிலையத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது பெர்னதெத்தின் வேலை.

படகிலிருந்து வானொலி அலையாகக் கிளம்பும் பேச்சை, கடலில் மிதக்கும் இடைமாடம் ஒளிக்கற்றையாக்கிக் கரைக்கு வீசும். முன்பு அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கி அனுப்பியது; மூடுபனி வந்தால் பாதிப் பேச்சு போய்விடும். இப்போது மாடத்திலுள்ள செப்பனி, வந்ததைத் தானே புரிந்துகொண்டு, சிதைந்த இடத்தில் பொருந்தும் சொல்லை இட்டு, பேசியவரின் குரலிலேயே புதிதாகச் சொல்லி அனுப்புகிறது. அதன் விதிகளை எழுதியவர்களில் பெர்னதெத்தும் ஒருத்தி.

ஆழ்கடலில் மீன்பிடிக்கும் அவள் கணவன் இன்னாசிக்குத் திக்குவாய். செப்பனிக்கு அதுவும் சிதைவுதான்.

"உங்க வீட்டுக்காரரு செய்தி வாசிக்கவரு கணக்கால்லா பேசுதாரு!" என்று உடன் வேலைசெய்யும் டெய்சி கேலி செய்தபோது, அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நாற்பது நாள் கழித்துக் கரைக்கு வந்தவன், சோற்றைத் தொடாமல் ஆரம்பித்தான்.

"ஏளா, நா... நான் இனி க... கட..."

முன்பெல்லாம் காத்திருப்பாள். இப்போது அவ்வளவு நேரம் தாங்கவில்லை.

"கடலுக்குச் சீக்கிரம் கிளம்பணுமா? அதுக்கு ஏன் இவ்வளவு தயங்குதிய?"

இன்னாசி அவளையே பார்த்தான். பிறகு, "ம்" என்றான். மறுநாள் காலையில் கிளம்பியும்விட்டான்.

அவன் 'இனி' என்று சொன்னது மூன்றாம் நாள்தான் அவளுக்கு உறைத்தது. இனிக் கடலுக்குப் போகவில்லை என்றா சொல்ல வந்தான்?

அன்று அவன் அழைப்பு வந்ததும், அவன் பேச்சை உள்ளபடியே கேட்க, அவன் படகுக்கு மட்டும் செப்பனியை நிறுத்தினாள். கடல் முழுக்க மூடுபனி. பிழையளவி விறுவிறுவென்று ஏறியது.

"என்னங்க, அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தியளே. இப்ப சொல்லுங்க."

இரைச்சல். அதற்குள் எங்கோ, "நா... நா... க..."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு சொல்லும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும். காத்திருந்தாள். குரல் நின்றது. மறுபடி தொடங்கியது. மறுபடி நின்றது.

"ஏளா... இ... இருக்கியா?"

அவள் பேசும் பொத்தானைத் தேடுவதற்குள், அவன் பக்கத்தில் இருந்த யாரிடமோ சொல்வது கேட்டது.

"ச... சத்தமே இல்ல. லை... லைன் போயிட்டு."