கவிழ்த்து வைத்த கிண்ணம்

கணவன் நீட்டிய தாளில் கடைசிச் சொல்லாக அவள் அம்மாவின் பெயர் இருந்தது.

அவள் பல்கலைக்கழகத்தில் பழைய மொழிகள் நடத்துபவள். அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனுஷன், மூன்று மாதம் படுக்கையில் கிடந்து, மருத்துவர்களும் கைவிரித்த பிறகுதான் கேட்க ஆரம்பித்தான்: இதை அரமேய மொழியில் எப்படி எழுதுவார்கள்? தினம் ஒரு சொல். உடம்பு. வெளியேறு. பதிலாக. மகள். பேச்சுத்துணைக்குக் கேட்கிறான் என்று அவளும் ஆசையாக எழுதிக் கொடுத்தாள். உடம்பும் கொஞ்சம் தேறியது. எழுந்து நடமாடினான்.

அம்மா பெயர் எதற்கு என்றாள். அத்தை ஞாபகம் வந்தது என்றான். உயிரோடு இருந்தவரை அத்தையை ஏறெடுத்தும் பார்க்காதவன். இருந்தும் எழுதிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் பிற்பகல், வானம் இருட்டிக்கொண்டு மழை பிடித்திருக்க, வீட்டுக்குள் ஈர மண்ணும் கருகிய முடியும் கலந்தது போல ஒரு வாடை அடிக்க, நிலைப்படியை ஒட்டிய தரைக்கல் அவள் காலடியில் லேசாக ஆடியது. அடியில் ஏதோ சுரண்டும் சத்தம். பானைக்குள்ளிருந்து நகத்தால் சுரண்டுவது போல.

கத்தியால் கல்லை நெம்பினாள். கவிழ்த்து வைத்த மண் கிண்ணம். அவளுக்குத் தெரியும், வகுப்பில் நடத்தியிருக்கிறாள். பேயைக் கட்ட அந்தக் காலத்தில் அரமேயம் பேசியவர்கள் வாசலடியில் புதைப்பது. அதில் ஆளைக் குறிக்க அம்மாவின் பெயரைத்தான் எழுதுவார்கள்.

திருப்பினாள். உள்ளே சுழன்று சுழன்று இறங்கியது அவள் எழுத்து. அவன் கை பார்த்தெழுதியது.

'இவன் உடம்பை விட்டு வெளியேறு. பதிலாக இன்னாள் மகளை எடுத்துக்கொள்.' இன்னாள் என்ற இடத்தில் அவள் அம்மாவின் பெயர்.

நிழல் விழுந்தது. வாசலுக்கு வெளியே கணவன். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உனக்கு வலிக்காதுன்னு சொன்னாங்க," என்றான்.

கதவைச் சாத்தினான். சாவி திரும்பியது.

எழுத்தை நகத்தால் சுரண்டினாள். போகவில்லை. வெளியேறு என்று அரமேயத்தில் கத்தினாள். நாக்கு ஓர் ஒலியில் தடுக்கியது.

பிடரிக்குப் பின்னால், மிக அருகில், யாரோ அந்த ஒலியைத் திருத்திச் சொன்னார்கள். மெதுவாக. பொறுமையாக.

அவள் திரும்பவில்லை.

அடுத்த சொல்லை அவள் சொல்லவில்லை. அவள் வாய் சொன்னது. அதற்கடுத்ததையும்.

சன்னல் கண்ணாடிக்கு அப்பால், மழையில் நனைந்தபடி, அவன் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.