மூடிய கணக்குக்குப் போன அழைப்பு

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. அந்தக் காற்றாடியைக் குறைத்து வையுங்கள். இதை நான் சத்தமாகச் சொல்லமாட்டேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிப்பதற்கு முன்னால் அது யாருடைய கை என்று மட்டும் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

பாடாங் செராய் ஊரில் கடைத்தெரு முடிந்து செம்பனைக் காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பழைய கடைவீடு இருக்கிறது. கீழே கடை, மேலே குடியிருப்பு. வெகுநாள் பூட்டிக் கிடந்த அதை வசந்தனும் அவன் மனைவி பிரேமலாவும் வாடகைக்கு எடுத்தார்கள். குடிவந்த அன்று கதவைத் திறந்ததும் ஈரச்சுவர் வாடை அடித்தது. ஓர் எலி ஓடியது. அவ்வளவுதான். அந்த வீட்டின்மேல் பழி போடாதீர்கள். வந்தது அந்த வீட்டைச் சேர்ந்ததல்ல.

அவர்கள் வியாபாரம் முழுக்க இணையத்தில். 'வெள்ளிக்கிழமைப் பெட்டி' என்று பெயர். சாம்பிராணி, திரி, நல்லெண்ணெய், பன்னீர் எல்லாம் அடுக்கி மாதம் ஒரு பெட்டி வீடு தேடிப் போகும். பணத்தை வாடிக்கையாளரின் கார்டிலிருந்து கணினியே எடுத்துக்கொள்ளும்.

எடுத்துக்கொள்ளும் என்றுதான் நினைத்தார்கள். பேங்க் பாதி நேரம் மறுத்தது. மறுத்தால் பெட்டி போகாது; பெட்டி போகாவிட்டால் வாடிக்கையாளர் அப்படியே மறந்துபோவார். சண்டை இல்லை, குறை இல்லை, சத்தமில்லாமல் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள்.

"வெளக்குத் திரி விக்கிறவரு மூஞ்சில வெளிச்சத்தையே காணோமே?" என்று பிரேமலா சீண்டுவாள். அவள் குரலைக் கேட்க வேண்டுமே! கோயிலில் அவள் பாடினால் அர்ச்சனைத் தட்டோடு நிற்பவர்கள் வரிசையை மறந்துவிடுவார்கள்.

வசந்தன் உட்கார்ந்து படித்தான். மறுப்பு எல்லாம் ஒரே மறுப்பு அல்ல என்று அவனுக்குப் புரிந்தது. கார்டில் அன்றைக்குப் பணம் இல்லையென்றால், சம்பளம் போட்டபின் மறுபடி முயன்றால் போதும். கார்டு காலாவதி என்றால் புது எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். கணக்கே மூடப்பட்டது என்று பேங்க் சொன்னால், அதை விட்டுவிட வேண்டும். திரும்பத் திரும்பத் தட்டக் கூடாது.

முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தான். மூன்றாவதில்தான் கோட்டைவிட்டான்.

"நம்ம ஆளுங்களுக்கு எழுத்துல அனுப்பினா படிக்கமாட்டாங்க பிரேமா. நீ வாயால கூப்பிடு. வராம இருப்பாங்களா?"

"என்னைய வெச்சே பொழப்ப ஓட்டிருங்க," என்று சிரித்துக்கொண்டே அவள் பேசிப் பதிவுசெய்து கொடுத்தாள்.

"வணக்கம்க்கா, பிரேமலா பேசுறேன். உங்க கார்டு போகல. அது கெடக்கு, உங்களக் காணோமேன்னுதான் மனசுக்கு என்னமோ போல இருக்கு. வாங்கக்கா. நம்ம வீடு உங்க வீடு மாதிரி."

மறுக்கப்பட்ட அத்தனை பேருக்கும் வெள்ளிதோறும் விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தக் குரல் தானாகப் போகும்படி வசந்தன் அமைத்தான். யார் எதற்காக மறுக்கப்பட்டார் என்று பிரிக்கவில்லை. சிடாம் கிரி என்ற ஊரில் குணவதி என்று ஒரு வாடிக்கையாளர். அந்தப் பெயருக்கு நேரே 'கணக்கு மூடப்பட்டது, இனி முயல வேண்டாம்' என்று பேங்க் சொல்லியிருந்தது.

அவளுக்கும் போனது. வாரா வாரம் போனது.

பிறகு ஒரு வெள்ளி. பிரேமலா மேலே திரி போட்டுக்கொண்டிருந்தாள். கீழே வசந்தனின் திரையில் குணவதியின் பெயர் பச்சையாக மாறியது.

பணம் ஏற்கப்பட்டது.

மூடிய கணக்கிலிருந்து எப்படி? வசந்தன் யோசிக்கவில்லை. ஒரு வாடிக்கையாளர் திரும்பிவிட்ட சந்தோஷத்தில் பெட்டியைக் கட்ட நாடா எடுக்கப் பின்பக்கம் போனான். கடையில் ஆள் இல்லை. சாம்பிராணி வாசம் மட்டும் எழுந்தது. யாரும் ஏற்றவில்லை, பெட்டிகள் எல்லாம் மூடியிருந்தன.

மரப்படியில் காலடி.

ஒரு படி. நின்றது. கூச்சத்தோடு இன்னொரு படி.

"யாரது?" என்று பிரேமலா மேலிருந்து கேட்டாள்.

"நான்தான்க்கா. வாங்கன்னீங்களே."

பதில் சொன்னது பிரேமலாவின் குரல்.

வசந்தன் ஓடிவந்து பார்த்தபோது படியில் யாரும் இல்லை. மேலே பிரேமலா தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் அசைந்தது. மூச்சு வந்தது. சத்தம் வரவில்லை.

கூலிம் நகரத்து டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். தொண்டையில் ஒரு கீறல்கூட இல்லை என்றார். உப்புநீர் கொப்பளித்தாள், மிளகுப்பால் குடித்தாள். பாடிக்கொண்டே கூட்டிப் பெருக்கியவள், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இரவில் கணவன் தூங்கியபின் கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து மூடிப் பார்ப்பாள்.

வியாபாரமோ தேறியது. உதிர்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் புது கார்டு எண்ணோடு திரும்பினார்கள்.

"அண்ணி நேத்து போன் அடிச்சாங்க அண்ணே," என்றார் குணாளன் என்ற வாடிக்கையாளர். "என்னா தன்மையா பேசுறாங்க! நல்லாருக்கீங்களா, புள்ளைங்க நல்லாருக்கான்னு ஒருமணி நேரம். நம்ம சொந்தத்துல யாரு லா அப்படி விசாரிக்கிறா?"

வசந்தன் திரும்பிப் பார்த்தான். அவன் பக்கத்தில்தான் பிரேமலா பேச்சற்று உட்கார்ந்திருந்தாள்.

அந்த வெள்ளி திரையில் பச்சையான குணவதியின் எண்ணுக்கு அவன் அடித்தான். ஓர் ஆண் எடுத்து வீட்டுக்கு வழி சொன்னார். மறுநாள் காலையிலேயே இருவரும் சிடாம் கிரிக்குக் காரை விட்டார்கள்.

செம்மண் பாதை ஓரத்தில் பலகை வீடு. வாசலில் நின்றவர் குணவதியின் கணவர் திவாகரன்.

"அவ தவறிப் போயி வருஷம் ஆகப் போகுது தம்பி. கணக்க நான்தான் போயி மூடினேன்," என்றார்.

உள்ளே மாலை போட்ட படம். அதன் கீழே அவளுடைய கைப்பேசி, மின்சாரம் ஏறிக்கொண்டு.

"கணக்கு மூடியாச்சுன்னு பேங்க் சொல்லியும் நான் அனுப்பிட்டே இருந்துட்டேன் அண்ணே. தப்பு என்மேலதான்."

"தப்பா? எங்க கல்யாணம் ரெண்டு பக்கமும் யாருக்கும் புடிக்கல தம்பி. ஒரு விசேஷத்துக்கு இவள வாங்கன்னு கூப்பிட்டவங்க கெடையாது. வெள்ளிக்கெழம ஆனா உங்க பெட்டிய வெச்சுக்கிட்டு வெளக்கோட பேசிட்டிருப்பா. அவளுக்குன்னு வந்த மொத அழைப்பு இந்தம்மா கொரல்தான். அதான் படத்துக்கு முன்னால போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு வெள்ளியும். 'போயிட்டு வா குணா'ன்னு நானே சொன்னேன்."

பிரேமலாவின் கண் வழிந்தது. அழுகைக்கும் சத்தம் இல்லை. ஒரு பெட்டியைப் படத்தின் முன் வைத்தாள். விளக்கேற்றிக் கைகூப்பினாள். உதடு வெகுநேரம் அசைந்தது. என்ன கேட்டாளோ.

திவாகரன் தயங்கித் தயங்கி அந்தக் குரலைக் கைப்பேசியிலிருந்து அழித்தார். வெற்றுத் திரையைக் கொஞ்சநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

துக்க வீட்டில் போய்வருகிறோம் என்று சொல்வதில்லை, உங்களுக்குத் தெரியும். பேசாமல் இறங்கி வந்தார்கள். கார் பாதி வழி வந்திருக்கும்.

"கண்ணாடிய ஏத்துங்க, தூசி வருது."

வசந்தன் சாலையோரம் நிறுத்திவிட்டான். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான். "இன்னொருக்கா சொல்லு" என்றான். அவள் தூசி, தூசி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

வீடு சேர்ந்ததும் அந்தக் குரல்பதிவை அழித்தான். மூடிய கணக்குகளைத் தனியே பிரித்து, அவற்றுக்கு எதுவும் போகாதபடி பூட்டினான். மற்றவர்களுக்கு எழுத்தில் இரண்டே வரி: கார்டைப் புதுப்பிக்கவும், நன்றி. யாரையும் எங்கேயும் வரச் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளி பொழுது சாய்ந்த நேரத்தில் பண்டார் பாருவிலிருந்து லோகேஸ்வரி என்ற வாடிக்கையாளர் போன் செய்தார். பிரேமலாதான் எடுத்தாள்.

"அக்கா, காலையில நீங்க கேட்டீங்கல்ல, புது கார்டு போட்டுட்டேன் லா."

"நானா? இன்னிக்கு நான் யாருக்கும் அடிக்கலயேம்மா."

"வெளையாடாதீங்க! வீட்டுக்கு வரலாமான்னு கேட்டீங்க, தாராளமா வாங்கன்னேன். வந்துட்டு இப்ப என்னா ஜோக்கு? கேட்டுக்கு வெளிய நின்னு கூப்பிடுறீங்க, போன்லயும் பேசுறீங்க. இருட்டுல மொகம் தெரியல, ஆனா கொரல் தெரியாதா எனக்கு?"

திறக்காதே என்று கத்த பிரேமலா வாயைத் திறந்தாள்.

மூச்சு வந்தது.

சத்தம் வரவில்லை.

தொலைபேசியில் இரும்புக் கதவின் தாழ் விலகுவது கேட்டது. பிறகு லோகேஸ்வரியின் குரல், வாய் நிறைய.

"வாங்கக்கா, உள்ள வாங்க."

போதும், கண்ணுகளா. கையை விடவேண்டாம், அப்படியே பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். உங்கள் வீட்டு விளக்கு நின்று எரியட்டும். உலைப்பானை பொங்கட்டும். நீங்கள் வாய்திறந்து வாங்க என்று அழைக்கிற ஒவ்வொருவரும் உயிரோடு உங்கள் படியேறி வரட்டும்.