வாயாடியின் விண்கலம்

கிண்ணம் உட்காரவில்லை.

சாயங்காலம் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கும்போதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. உள்ளே நின்ற விண்கலத்தின் மேலிருந்த வெள்ளை ஆன்டெனாத் தட்டு, அவளுடைய சமையலறைக் கிண்ணத்தின் மேல் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அழுத்தி அவள் கணவன் எடுத்த அச்சு. கேட்காமல் கொள்ளாமல் எடுத்துப்போய், பெயிண்டில் கலக்கும் தின்னர் நாற்றத்தோடு திருப்பித் தந்ததற்கு அவனை ஒரு வாரம் திட்டித் தீர்த்திருந்தாள். அன்றைக்கு அந்தத் தட்டுக்குள் கிண்ணம் கச்சிதமாக உட்கார்ந்தது. இன்று தட்டு என்னவோ சின்னதாகப் பட்டது. மனசு கேட்காமல் பெட்டியின் கதவைத் திறந்து கிண்ணத்தை வைத்துப் பார்த்தாள். பாதிகூட இறங்காமல் விளிம்பிலேயே தங்கி நின்றது.

பிளாஸ்டிக் நாளாகிச் சுருங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கண்காட்சிகளுக்குப் பாலம், அணைக்கட்டு, அடுக்குமாடி என்று சின்ன அளவில் செய்து கொடுப்பதுதான் அவள் கணவனின் தொழில். இந்த விண்கலம் மட்டும் யாரும் கேட்டுச் செய்ததல்ல, மகளுக்காகச் செய்தது. போன மழைக்காலத்தில் காய்ச்சல் கொண்டுபோன ஒரே மகள். வாயை மூடவே மாட்டாள் என்பதால் வீட்டில், தெருவில், பள்ளியில் எல்லோருக்கும் அவள் வாயாடி. கிரகங்களையெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும் அந்த விண்கலத்தின் மேல் அவளுக்குப் பைத்தியம். “தனியாப் போறப்ப அது பயப்படாதாப்பா? நான் வேணா துணைக்குப் போறேன்” என்று அப்பாவின் உயிரை வாங்குவாள்.

விண்கலம் நிஜத்தில் எவ்வளவு பெரியது என்று பார்க்கிறவர்களுக்குப் புரிய, பக்கத்தில் அதே அளவுக்குச் சிறிதாக்கிய மனிதப் பொம்மை ஒன்றை நிறுத்துவார்கள். வழக்கமாகக் கோட்டு போட்ட ஓர் ஆள் நிற்பான். அவள் கணவன் அந்த ஆளை எடுத்துவிட்டு, மஞ்சள் கவுனும் இரட்டைப் பின்னலுமாக மகளைச் செதுக்கி நிறுத்தினான். விரல் உயரத்தில் தன் பெண்ணைப் பார்த்ததும் அவளுக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. அதைவிட, குனிந்து கிட்டத்தில் பார்த்தபோது.

“முகம் எங்கங்க?”

“இந்த அளவுல யாரும் முகம் வைக்க மாட்டாங்கம்மா. கண்ணு வாய்னு புள்ளி வச்சா விகாரமாயிடும். வழவழன்னு விட்டுடுவோம். எங்க தொழில்ல அப்படித்தான்.”

“வாயாடிக்கு வாய் இல்லாமயா?”

அவன் பொம்மையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். மறுநாள் அவனுடைய வேலையறையை எட்டிப் பார்த்தபோது, பொம்மையை ஒரு கையிலும் ஊசிமுனைத் தூரிகையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். அவனால் முடியவில்லை. அதன்பிறகு அவள் கேட்கவில்லை. ஆனாலும் பிள்ளையை முகமில்லாமல் அனுப்புகிறோமே என்பது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. நாளைக் காலையில் வண்டி வருகிறது. மகள் படித்த பள்ளிக்கூடத்துக் கூடத்தில் வைக்கப்போகிறார்கள். அதற்கான மேடையைச் சரிபார்க்கத்தான் அவன் போயிருந்தான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்களைச் சாத்திவிட்டு, வாளியைக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி அவள் கூடத்துக்குத் திரும்பியபோது, குழல்விளக்கின் மெல்லிய முனகலும் கூரையில் விழும் மழையின் இரைச்சலும் சேர்ந்து ஒலித்த அந்த அறையில், கண்ணாடிப் பெட்டி இருந்த மூலையிலிருந்து மட்டும் எந்தச் சத்தமும் வராதது போல, அங்கே யாரோ காதைப் பொத்திவிட்டது போல இருந்தது.

விண்கலம் அவள் கைப்பிடி அளவுக்கு வந்திருந்தது. பக்கத்தில் மகள் ஓர் அரிசி.

போனை எடுத்தாள்.

“என்னங்க, அது சின்னதாயிட்டே போகுதுங்க.”

“எது?”

“எல்லாமே. அவளும்.”

“எல்லாம் ஒட்டினதும்மா. எங்கயும் போகாது. நீ காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட. கொஞ்சம் படு. இதோ வந்துடறேன்.”

அவன் குரலும் உடைந்துதான் இருந்தது. போனை வைத்தாள்.

பெட்டியின் கதவைத் திறந்து கையை விட்டாள். முழங்கை போனால் பின்பக்கத்துக் கறுப்புப் பலகை இடிக்க வேண்டும். முழங்கை போயிற்று. தோள் போயிற்று. கன்னம் மரச்சட்டத்தில் அழுந்தியது. விரல்கள் துழாவின. பலகை இல்லை. சுவர் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கத்துச் சமையலறையும் இல்லை. குளிர் மட்டும் இருந்தது. தின்னர் வாசனைகூட இல்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எதுவும் சிறியதாகவில்லை. தூரம் போகிறது.

பிள்ளை போகிறது. இரண்டாவது தடவை.

ஆஸ்பத்திரியில் அவளை வெளியே நிற்கவைத்துவிட்டார்கள். ஒரு வார்த்தை கூப்பிடக்கூட விடவில்லை. இந்தத் தடவை தடுக்க யாரும் இல்லை.

“வாயாடி!” என்று அந்தக் கறுப்புக்குள் கத்தினாள். “போனது போதும்டி. அம்மா கூப்பிடறேன். வீட்டுக்கு வாடி!”

விண்கலத்தின் வெள்ளைப் புள்ளி நிற்காமல் போனது. மறைந்தது.

மஞ்சள் புள்ளி நின்றது.

பிறகு அது பெரிதானது.

அரிசி அளவு. விரல் அளவு. ஓடிவருகிறாள். பள்ளிக்கூடம் விட்டு வருவது போலவே, தோளைச் சாய்த்துக்கொண்டு. அதே ஓட்டம்! பின்னல் துள்ளுகிறது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் பொங்கின. “மெல்ல வாடி, விழுந்துடுவ” என்றாள். வாய்தவறி, பழைய வழக்கத்தில். கதவை விரியத் திறந்தாள். மண்டியிட்டாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

கால் ஒன்று வெளியே வந்தது. தரையில் ஊன்றியது. சரியான அளவுக் கால். பிறகு முழுசாக வந்து நின்றாள். அவள் நெஞ்சுவரை இருந்த பழைய உயரம், ஒரு விரற்கடை கூடவில்லை, குறையவில்லை.

கட்டிக்கொண்டாள்.

குளிர்ந்திருந்தது. வழவழவென்றிருந்தது. கூந்தலைத் தடவினாள். முடி இல்லை. பெயிண்ட். தூரிகை இழுத்த கோடுகள், அவள் விரலுக்கு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. கையைப் பிடித்தாள். விரல்கள் பிரியவில்லை.

நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தாள்.

ஒன்றுமில்லை. நெற்றியிலிருந்து தாடைவரை.

“என் தங்கமே” என்றாள். “அம்மா இருக்கேன்டி.”

பிரியாத விரல்களோடு அந்தக் கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. இழுத்தது. அவள் உள்ளங்கையைத் தூக்கித் தன் முகத்தில், வாய் இருக்கவேண்டிய இடத்தில், அழுத்தி வைத்துக்கொண்டது.

பெயிண்டுக்கு அடியில் ஏதோ அசைந்தது. திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. வேகமாக. இன்னும் வேகமாக.

பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல்.