ஸ்லைடின் மேல் மூச்சு

லௌரி வந்து சேர்ந்தபோது மதியமே இருட்டத் தொடங்கியிருந்தது. மலையடிவாரத்தில் ஒரு பழைய கல் வீடு. அதுதான் கால்நடை மருத்துவமனை. நிரந்தர நர்ஸ் கிடைக்கும்வரை அவள் அங்கே தற்காலிக நர்ஸ். ரத்தம் பார்க்கும் அறை முன்பு பால் வைக்கும் அறையாக இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரிலிருந்து குளிர் இறங்கியது.

கோட்டைக் கழற்றுவதற்குள் டாக்டர் கெத்தின் கூப்பிட்டார்.

மேசையில் மோட் என்ற, ஆட்டு மந்தை மேய்க்கும் நாய் படுத்திருந்தது. வயிறு உப்பியிருந்தது. ஈறு வெளுத்திருந்தது. அதன் சொந்தக்காரர் எம்லின் தொப்பியைப் பிசைந்தபடி நின்றார்.

“மண்ணீரல்ல கட்டி. உள்ளுக்குள்ள ரத்தம் கசியுது,” என்றார் கெத்தின். “இப்பவே எடுக்கணும். ஆனா மெஷின் பிளேட்லெட் ரொம்பக் கம்மின்னு காட்டுது. அது நெசம்னா ரத்தம் உறையாது. மேசையிலயே போயிடுவான்.”

“பிளேட்லெட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா மெஷினுக்கு எண்ணத் தெரியாது, கெத்தின்,” என்றாள் லௌரி.

“அதத்தான் கண்ணால பாத்துச் சொல்லு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போற மலைப்பாதை பனியில மூடிக்கெடக்கு. வேற எங்கயும் கொண்டுபோக முடியாது.”

லௌரி ஸ்லைடின் ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தாள். இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து ஒரே வீச்சில் தள்ளினாள். ரத்தம் இறகின் நுனி போல மெலிந்து முடிந்தது. நல்ல பூச்சு. காற்றில் காயவிட்டு, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

சிவப்பணுக்கள் எல்லாம் பூச்சி அரித்தது போல ஓட்டை ஓட்டையாக இருந்தன. பிளேட்லெட் எது, ஓட்டை எது என்று தெரியவில்லை.

ஈரத்தில் காய்ந்தால் இப்படி ஆகும். அவசரக்காரர்கள் ஸ்லைடை வாயால் ஊதுவார்கள். மூச்சின் ஈரம் அணுக்களைக் கெடுத்துவிடும். லௌரி ஒருநாளும் ஊதியதில்லை.

இரண்டாவது ஸ்லைடும் அப்படியே வந்தது.

“என்னம்மா, இன்னுமா?” வாசலில் கெத்தின். “நீ படிச்ச கார்டிஃப் காலேஜ்ல இதையெல்லாம் சொல்லித் தர்றதில்லையா?”

“நான் ஊதல.”

“நீ ஊதினதா நான் சொன்னேனா?”

அவர் பின்னால் எம்லின் எட்டிப் பார்த்தார். “இதுக்குள்ள நான் ஒரு மந்தைக்கே முடி வெட்டியிருப்பேன், பொண்ணே. அவன் ஈறப் பாரு. காகிதம் மாதிரி ஆயிட்டு வருது.”

லௌரி பல்லைக் கடித்துக்கொண்டாள். இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். மூன்றாவது பூச்சு. இம்முறை கண்ணை எடுக்கவில்லை.

ஸ்லைடின் நடுவே ஒரு வெண்மை பூத்தது.

வாயளவு வட்டம்.

மறைந்தது. மறுபடி பூத்தது. அவசர அவசரமாக.

அவள் ஸ்லைடை மறு கைக்கு மாற்றினாள். வட்டமும் கூடவே வந்தது.

“யாரு?” என்றாள்.

கன்னத்தில் ஈரச் சூடு பட்டது.

கதவைத் தள்ளித் திறந்தாள். “இந்த ரூம்ல யாரு இருக்கா?”

கெத்தின் முகம் மாறியது. “ஏன்?”

“யாரோ ஸ்லைடை ஊதுறாங்க.”

அவர் அவளைத் தாண்டி அறைக்குள் பார்த்தார். “எலுனெட்,” என்றார். “உனக்கு முன்னாடி இங்க இருந்த நர்ஸ். பொறுமையே கெடையாது. ஊதாதேன்னு எத்தன தடவ கத்தியிருக்கேன். நாயி சாகுது, காயுறவரைக்கும் வேடிக்க பாக்கவான்னு கேப்பா.”

“இப்ப எங்க?”

“சேப்பலுக்குப் பின்னாடி, கல்லறையில. போன குளிர்ல. நிமோனியா.” அவர் குரல் உயர்ந்தது. “பைத்தியம் மாதிரி பேசாத. எனக்கு ஒரு நல்ல ஸ்லைடு வேணும், அவ்வளவுதான்.”

லௌரி ஆத்திரத்தோடு திரும்பினாள். ரத்தக் குப்பி, ஸ்லைடுகள், சாயமேற்றும் முன் ஸ்லைடை முக்கும் ஆல்கஹால் ஜாடி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். தன் காருக்குள் உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டாள். மடியில் வைத்துப் பூச்சு இழுத்தாள். வெண்மை பூக்கவில்லை. காய்ந்ததும் ஜாடியில் முக்கினாள்; ஆல்கஹாலில் அணுக்கள் அப்படியே நிலைத்துவிடும். இனி எந்த மூச்சாலும் அதைக் கெடுக்க முடியாது.

உள்ளே வந்து சாயமேற்றிப் பார்த்தாள். அணுக்கள் முழுசாக இருந்தன. இறகு நுனியில் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கிடந்தன.

“வேணுங்கற அளவு இருக்கு,” என்று கத்தினாள். “வெட்டுங்க!”

அறுவை அறையில் கெத்தினும் லௌரியும் மட்டும். மோட்டின் தொண்டைக் குழாய் மயக்கமருந்துக் கருவியில் பொருத்தியிருந்தது. கருவியில் தொங்கிய ரப்பர் பை நாயின் மூச்சோடு உப்பி அடங்கியது. லௌரியின் கண் அந்தப் பையில் இருந்தது.

கெத்தின் கட்டியை வெளியே தூக்கியபோது பை அசைவற்று நின்றது.

“மூச்சு இல்ல,” என்றாள்.

“அந்தப் பைய அமுக்கு!”

அவள் கை நீட்டினாள். அதற்குள் பை சுருங்கியது. நாயின் நெஞ்சு உயர்ந்தது. மறுபடி சுருங்கியது. மறுபடி உயர்ந்தது.

“அப்படித்தான். நிறுத்தாத,” என்றார் கெத்தின், தலை நிமிராமல்.

லௌரியின் கை இன்னும் பையைத் தொட்டிருக்கவில்லை.

மோட் பிழைத்தது. கண் விழித்ததும் குழாயை எடுத்தார்கள். எம்லின் கம்பளியோடு சேர்த்து அதைக் கட்டிக்கொண்டு அழுதார். “முட்டாப் பயலே,” என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

லௌரி அறுவை அறையைச் சுத்தம் செய்யத் திரும்பினாள். ஆக்ஸிஜனை மூடியாகிவிட்டது. கருவி அணைந்திருந்தது. கருவியின் குழாய் முனை எதிலும் பொருந்தாமல் மேசையில் கிடந்தது.

பை மெல்ல உப்பியது.

அடங்கியது.

உப்பியது.