பெனினாவின் கோணங்கி ஆட்டம்

பெனினா காலையிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சியாகி சித்தப்பாவின் வண்டியில், கிழங்குக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து கடற்கரைக்கு வரும் வழியெல்லாம் ஒரு கூடையின் ஓலையைப் பிய்த்துக்கொண்டே வந்தாள்.

விடுமுறையில் குடும்பம் மொத்தமும் கடற்கரையில் கூடும் நாள் அது. கடைசி ஆட்டம் எப்போதும் பெனினாவுடையது. இந்த வருடம் அம்மா அதைத் தூக்கித் தெயுயிலாவிடம் கொடுத்துவிட்டாள்.

தெயுயிலா பெரியப்பாவின் மகள். நியூசிலாந்தில் ஒரு குளிர் ஊரில் பிறந்து வளர்ந்தவள். சமோவாவுக்கு வருவது இதுதான் முதல் தடவை.

"அக்கா நாளைக்குக் கிளம்பிடுவாடி. நீ அடுத்த வருஷம் ஆடிக்கோ" என்றாள் அம்மா.

"ஆடட்டுமே! நான் மட்டும் கோணங்கி ஆட எழுந்திருக்க மாட்டேன்."

"நீயா? பாட்டுச் சத்தம் கேட்டா உன் காலு சும்மா இருக்குமா?" என்று சிரித்தார் சித்தப்பா.

கடைசி ஆட்டத்தில் நடுவில் ஒருத்தி நிதானமாக, அழகாக ஆடுவாள். சுற்றியிருக்கும் சொந்தக்காரர்கள் குதித்து, உருண்டு, கூச்சல் போட்டுக் கோணங்கித்தனம் செய்வார்கள். அவர்கள் கோணலாக ஆட ஆட, நடுவில் ஆடுபவள் இன்னும் அழகாகத் தெரிவாள். கல்யாணங்களில் வேறு யாராவது நடுவில் ஆடும்போது, பெனினாவைவிட நன்றாகக் கோணங்கி ஆட அந்தக் குடும்பத்தில் ஆளே கிடையாது.

மத்தியானம் சித்தப்பா முகமெல்லாம் கரியோடு கல்லடுப்பின் சூட்டுக் கற்களை விலக்கினார். வாழையிலைகளுக்கு அடியிலிருந்து மீனும், ஈரப்பலாவும், தேங்காய்ப்பால் ஊற்றிச் சேம்பிலையில் மடித்த பொட்டலங்களும் ஆவி பறக்க வெளியே வந்தன.

தெயுயிலா ஆசையாக ஒரு பொட்டலத்தை எடுத்து, மேலே சுற்றியிருந்த வாழையிலையோடு சேர்த்துக் கடித்தாள்.

"அக்கா, அது வாழையிலை! ஆட்டுக்குட்டிதான் அதத் தின்னும்" என்றாள் பெனினா. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தெயுயிலாவின் காது சிவந்துவிட்டது. "வந்ததுலேருந்து என்னப் பாத்துச் சிரிக்கிறதே உங்களுக்கு வேலையாப் போச்சு" என்றாள் மெதுவாக. "ஆட்டத்துல பாருங்க. அதுல தப்பே வராது. வீட்டுல நாற்காலியெல்லாம் தள்ளி வச்சுட்டு, அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க."

சாயங்காலம் சித்தி அவள் கைகளில் தேங்காயெண்ணெய் பூசி, இறகு வைத்த கிரீடத்தைத் தலையில் கட்டிவிட்டாள். பாட்டு தொடங்கியது. தெயுயிலாவின் விரல்கள் மெல்ல விரிந்தன. இவ்வளவு அழகாக ஆடுவாள் என்று பெனினாகூட நினைக்கவே இல்லை.

"சூ...ஹூ!" என்று கத்திக்கொண்டே சித்தப்பா பாய்ந்து வந்து, தெயுயிலாவின் காலடியில் பொத்தென்று விழுந்து உருண்டார். இரண்டு அத்தைகள் கண்ணை உருட்டி, இடுப்பைக் கன்னாபின்னாவென்று ஆட்டினார்கள். கூட்டம் சிரித்தது.

தெயுயிலா அப்படியே நின்றுவிட்டாள். அவள் கண்கள் நிறைந்தன. கிரீடத்தைக் கழற்றி எறியாத குறையாகப் பாயில் வைத்துவிட்டு, கூட்டத்தை விட்டு வெளியே ஓடினாள்.

"நான் என்ன பண்ணேன்? நல்லாத்தானே உருண்டேன்?" என்று முழித்தார் சித்தப்பா.

பெனினாவுக்கு மட்டும் புரிந்துவிட்டது. அந்தக் குளிர் ஊரில், வீட்டுக்குள் ஆடியவர்கள் இரண்டே பேர். சுற்றிக் கோணங்கி ஆட அங்கே யார் இருந்திருப்பார்கள்?

கிரீடம் பாயில் கிடந்தது. இப்போது எடுத்துப் போட்டுக்கொண்டால் கடைசி ஆட்டம் அவளுடையது. பெனினா கிரீடத்தை எடுத்தாள். எடுத்துக்கொண்டு கவிழ்த்து வைத்திருந்த ஓடத்தை நோக்கி ஓடினாள். அதன் பின்னால் தெயுயிலா விம்மிக்கொண்டிருந்தாள்.

"போ! நீயும் சிரிக்கத்தானே வந்தே?"

"அக்கா, அவங்க உன்னப் பாத்துச் சிரிக்கல. சித்தப்பாவப் பாத்துச் சிரிச்சாங்க."

"அவர் என்னைக் கிண்டல் பண்ணாரு!"

"ஐயோ, இல்லக்கா. 'என்னைப் பாக்காதீங்க, எங்க பொண்ணப் பாருங்க'ன்னு சொல்றதுக்குத்தான் அப்படி உருளுவாரு. பிடிச்சவங்களுக்குத்தான் உருளுவோம். யாருமே எழுந்திருக்கலன்னாதான் ஆடுறவங்களுக்கு அவமானம்."

தெயுயிலா மூக்கை உறிஞ்சினாள். "அப்படின்னா நீ ஏன் எழுந்திருக்கல?"

பெனினா தலையைக் குனிந்துகொண்டாள். "பொறாமைக்கா. நான் ஆட வேண்டிய ஆட்டம்னு கோவமா இருந்தேன்." பிறகு கிரீடத்தை நீட்டினாள். "வாக்கா. இப்ப எப்படி எழுந்திருக்கிறேன்னு மட்டும் பாரு."

பாட்டு மறுபடி தொடங்கியது. பெனினா அடுப்புக் கரியை முகம் முழுக்க அப்பிக்கொண்டாள். ஒரு கிழங்குக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து போய் சித்தப்பா மேல் மோதினாள். இரண்டு பேரும் சேர்ந்து உருண்டார்கள். பெரியப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

நடுவில் தெயுயிலா சிரித்த முகமாகக் கடைசி அடி வரை ஆடி முடித்தாள்.

இருட்டுவதற்குள் வண்டி கிளம்பியது. பெனினா கரி முகத்தோடு, காலிக் கூடைகளுக்கு நடுவே அந்தப் பாட்டையே முணுமுணுத்துக்கொண்டு கைகளை மெல்ல அசைத்தாள். ஓடும் வண்டியில் அவளுக்கு எழுந்து ஆடவா முடியும்?

"சூ...ஹூ!"

பெனினா திடுக்கிட்டுத் திரும்பினாள். வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த தெயுயிலா அக்கா தலையில் ஒரு கூடையைக் கவிழ்த்துக்கொண்டு, கண்ணை உருட்டி, நாக்கைத் துருத்தி, அவளுக்காகக் கோணங்கி ஆடிக்கொண்டிருந்தாள்.